உங்களுக்குத் தெரியுமா? சிடியில் பாட்டின் பெயர் இருக்காது!

பெரும்பாலான இசை சிடிகளில் பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ பதிவாகியிருக்காது. கணினியில் போட்டதும் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றனவே, எப்படி? ஒவ்வொரு பாட்டும் வட்டில் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கை வைத்து, இணையத் தரவுத்தளத்தில் தேடி எடுத்து வருகிறது மென்பொருள். அங்கே இல்லாத பழைய சிடி என்றால் சலிக்காமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள், இசையமைப்பாளர் பெயரையும் சேர்த்து.

சிடியில் ஒரு நொடி இசை என்பது இடம், வலம் இரண்டுக்கும் தலா 44,100 அளவீடுகள். இசையைக் கணினியில் நகலெடுத்து, ஃபிளாக் எனும் இழப்பில்லாச் சுருக்கக் கோப்பாக்கினால் அவற்றில் ஒன்றுகூடக் குறையாது. கோப்பின் அளவு மட்டும் ஏறக்குறைய பாதியாகும். கீறல் விழுந்த வட்டுக்கு அக்யூரேட்ரிப் வசதி அவசியம். அதே சிடியைப் பிறர் நகலெடுத்தபோது கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டு, எந்தப் பாட்டு ஒத்துப்போகவில்லை என்று காட்டிவிடும்.