அரை ஸ்பூனில் இருந்து ஆரம்பிக்கலாம்!

‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் அக்கா ஸ்ரீரங்கத்தில் எங்க வீட்டுக்கு வந்தப்போ, அப்பா அன்றைய மூணாவது காபியில் இருந்தார். கருவி 152/96 காட்டியது. “ஊறுகாய் ஜாஸ்தியாங்க ஐயா?” என்று கேட்டார் அக்கா. அப்பா வாயைத் திறக்கலை. அம்மாதான் பதில் சொன்னாங்க.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி பார்த்து, ரத்த அழுத்தம்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். அன்று ராத்திரியே வீட்டில் புரட்சி! இட்லி, சாதம், காபி எல்லாத்துக்கும் தடை. மூணு வேளையும் வரகு, கம்பு. பதினோராவது நாள், அம்மா மண்டபம் வரை நடந்துட்டு வர்றேன்னு கிளம்பின அப்பா, ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுட்டு வந்தார். குறைக்கச் சொன்னது உப்பை. நாங்க நிறுத்தினது இட்லியை.

எல்லாத்தையும் ஒரே நாளில் மாற்றினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். 2018-ல் ‘ஈட் ரைட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கிய இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உப்பு, சர்க்கரை, எண்ணெய் மூன்றையும் ‘இன்று முதல் கொஞ்சம் குறைவாக’ என்றுதான் சொன்னது. அடியோடு விடச் சொல்லவில்லை.

முதலில் மூணு நாள் எதையும் மாற்ற வேண்டாம். சாப்பிடும் முன் தட்டை, டம்ளரை, டீக்கடை பஜ்ஜியைக்கூட மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. எங்கே கை நீளுதுன்னு கேலரியே காட்டிடும்.

எங்க வீட்டு கேலரியில் காபிதான் அதிகம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். காபிக்கு இரண்டு ஸ்பூன் வீதம் மூணு காபி என்றால் 24 கிராம். சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் கூடுதல் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபியிலேயே கணக்கு முடிந்தது! ஒவ்வொரு டம்ளரிலும் அரை ஸ்பூன் குறைத்தால் மாதம் 180 கிராம் மிச்சம். நாக்கு பழகினதும் இன்னொரு அரை ஸ்பூன். நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் கணக்கில் வராதுன்னு நினைக்காதீங்க, அதுவும் சர்க்கரைதான்.

உப்புக்கு வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், அதுவும் எல்லா வேளைக்கும் சேர்த்து. குழம்பில் குறைத்தால் வீடே சண்டைக்கு வரும். அதனால ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாயில் கை வையுங்க: ஒரு வேளைக்கு ஏதாவது ஒன்று மட்டும். எங்க வீட்டில் ஊறுகாய் ஜாடி சாப்பாட்டு மேசையிலிருந்து பரணுக்குப் போயிடுச்சு. ஏணி போட்டு எடுக்க அப்பாவுக்குச் சோம்பல்! சிப்ஸ் பாக்கெட் பின்னாடி இருக்கும் சோடியம் அளவை ஜூம் பண்ணிப் பாருங்க. அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும்.

குறைப்பது மட்டும்தான் வழியா? திருச்சிக்காரங்களுக்கு வாழைத்தண்டும் வாழைப்பூவும் பக்கத்திலேயே கிடைக்குது. தென்னூர் உழவர் சந்தைக்குப் போறப்போ வாரம் இரண்டு நாளுக்கு வாங்கிடுங்க. சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் தண்டுப் பொரியல் வைத்தால் வயிறும் நிறையும், நார்ச்சத்தும் சேரும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுக்கணும். ‘லோ சோடியம்’ உப்புக்கும் இதே எச்சரிக்கைதான், அதில் பொட்டாசியம் இருக்கு.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவங்க வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. சாப்பாடு மாறினாலும், டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

அப்பாவுக்குப் போன மாதம் 136/86. மாத்திரையும் ஊறுகாயும் பாதிப் பாதிப் பெருமை எடுத்துக்கலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறாங்க, மாத்திரையும் தர்றாங்க. உங்க தெருவுக்கு யார் வர்றாங்கன்னு அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கேளுங்க. உடல்நலச் சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.