பரம்பரை நோயும் பரம்பரை மௌனமும்

கல்லறைத் திருநாள் நெருங்குகையில், திருப்பலியில் நினைவுகூர வேண்டிய இறந்தோரின் பெயர்களைக் குடும்பத்தார் ஒரு தாளில் எழுதிக் கொணர்ந்து தருவர். அத்தாள்களைப் புரட்டும்போது சில வேளைகளில் நம் கை நின்றுவிடுகின்றது. ஒரு தாளில் பாட்டி, அவருடைய மைந்தர் இருவர், மகள் ஒருவர் என நால்வர். எவருமே 55 வயதைக் காணாதவர். எதனால் இறந்தனர் என வினவினோம். "வயிற்று நோய், சாமி" என்றார் தாளைக் கொணர்ந்த அம்மையார். சற்றே தாழ்ந்த குரலில், "எங்கள் குடும்பத்திற்கு ஏதோ சாபம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் இவனுடையதா, பெற்றோருடையதா என ஆண்டவரைக் கேட்டதையும், இரண்டுமன்று என அவர் மறுத்ததையும் யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் கூறுகின்றது. இருந்தும், சாபத்தை முறிப்பதாகக் கூறும் கூட்டங்களைத் தேடி நம் மக்கள் செல்லத்தான் செய்கின்றனர். அப்பேருந்துச் செலவில் ஒரு மருத்துவரைக் கண்டு திரும்பலாம் என்பது நம் கருத்து.

இத்தகைய குடும்பங்களைப் பற்றிய ஆய்வு ஒரு தையற்காரப் பெண்ணின் சொல்லிலிருந்து பிறந்தது. 1895-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவ அறிஞர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவர், தம் உறவினர் பலர் வயிற்றிலும் குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய் கண்டு மாண்டதாகவும், தமக்கும் அதுவே முடிவு என்றும் கூறினார். அவ்வாறே இளவயதில் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். அக்குடும்பத்தின் வரலாற்றை வார்த்தின் 1913-இல் வெளியிட்டார். உலகம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

1962-ஆம் ஆண்டு ஒமாஹா நகரில் ஹென்றி லிஞ்ச் என்னும் இளம் மருத்துவர், மிதமிஞ்சிக் குடித்து உடல் கெட்ட நோயாளி ஒருவரைக் கண்டார். ஏன் குடிக்கிறாய் என்றதற்கு, தன் குடும்பத்தார் அனைவரும் புற்றுநோயால் இறப்பதாகவும், தானும் அவ்விதமே இறக்கப் போவதாகவும் அம்மனிதர் கூறினார். லிஞ்ச் அவருடைய உறவினரைத் தேடிச் சென்று விவரம் திரட்டி, 1966-இல் வெளியிட்டார். சுற்றுச்சூழலே காரணம் என்று பலர் மறுத்தனர். அவரோ, இயேசு சபைத் தந்தையரின் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இவ்வாய்வைத் தொடர்ந்து, 2019-இல் காலமானார். இந்நோய்நிலை இன்று லிஞ்ச் சின்ட்ரோம் என அவர் பெயராலேயே வழங்குகின்றது.

காரணம் யாதெனில், நம் உயிரணு பிரியும்போது நேரும் எழுத்துப் பிழைகளை, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோரைப் போலத் திருத்தும் சில மரபணுக்கள் உள. அவற்றுள் முதலாவது 1993-இல் கண்டறியப்பட்டது. அதில் பழுதுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பழுது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற பேதமில்லை. ஏனையோருக்குக் குடலில் தோன்றும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறப் பத்தாண்டுகளாகலாம். இவர்களுக்கோ ஓரிரு ஆண்டுகளே போதும்.

ஆதலால்தான், நோவு ஏதும் இல்லாதபோதே பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்க வேண்டியுள்ளது. கொலனோஸ்கோபி என்னும் இச்சோதனையில், விரற்பருமனுள்ள வளையும் குழாயொன்றை ஆசனவாய் வழியே செலுத்தி, அதன் நுனியிலுள்ள காமிராவால் குடலைப் பார்க்கின்றனர். மயக்க மருந்து தருவதால் துன்பம் குறைவு. உண்மையில் சிரமமானது முந்திய நாள் பேதி மருந்தைப் பருகுவதே. சதை வளர்ச்சி தென்பட்டால் கம்பிச் சுருக்கினால் அப்போதே அகற்றிவிடுவர். லிஞ்ச் குடும்பத்தினருள் பெரும்பாலோர் 20 முதல் 25 வயதிற்குள் இதனைத் தொடங்கி, ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். குடலெங்கும் நூற்றுக்கணக்கில் சதை முளைக்கும் வேறொரு பரம்பரை நோயில், 10 அல்லது 12 வயதிலேயே தொடங்குவர்.

பயனுண்டா எனில், பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் இக்குடும்பங்களை 15 ஆண்டுகள் கவனித்து 2000-இல் வெளியிட்ட கணக்கைக் காண்க. மூன்றாண்டுக்கொருமுறை சோதனை செய்துகொண்ட 133 பேரில் 8 பேருக்குப் புற்றுநோய் கண்டது. அதனால் ஒருவரும் சாகவில்லை. செய்துகொள்ளாத 119 பேரில் 19 பேருக்குக் கண்டது. 9 பேர் மாண்டனர். சோதனையும் நோயை முற்றிலும் தடுப்பதன்று. ஆயினும் அந்த ஒன்பது கல்லறைகளை நம்மால் மறக்க இயலவில்லை.

இனி, நாம் கண்ட பெரிய தடைக்கு வருவோம். அது பணமோ கூச்சமோ அன்று. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற அச்சமே. இதனால் அண்ணனின் நோய் தங்கைக்குத் தெரிவதில்லை. மலத்தில் இரத்தம் கண்டவர் மூலம் என்றெண்ணி நாட்டு மருந்து உண்கின்றார். நெருங்கிய இரத்த உறவினர் மூவர், அடுத்தடுத்த இரு தலைமுறைகளில், அவருள் ஒருவரேனும் 50 வயதிற்கு முன் குடற்புற்றோ கருப்பைப் புற்றோ கண்டிருப்பின், அக்குடும்பம் மருத்துவரிடம் செல்ல வேண்டியதே. மரபணுப் பழுது இன்னதெனத் தெரிந்துவிட்டால், உறவினருக்கு இரத்தப் பரிசோதனை போதும். பழுதில்லாதவருக்கு இத்தனை கண்காணிப்பு வேண்டுவதில்லை.

மேலே கூறிய அம்மையாரிடம் இவற்றைச் சொன்னபோது, "மகளுக்கு நிச்சயம் முடியட்டும், சாமி" என்றார். மகளுக்கு 26 வயது. நிச்சயத்திற்கு முன்னரே அவளும் தம்பியும் சோதனைக்குச் செல்லட்டும் என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு தம் தாளைத் திரும்ப வாங்கி, நான்கு பெயர்களுக்கும் எதிரே அவரவர் இறந்த வயதையும் நோயையும் எழுதத் தொடங்கினார். மூன்றாவது பெயரில், ஊரிலிருந்த தம் நாத்தனாரிடம் கேட்டுச் சொல்வதாக எழுந்து சென்றார்.