அந்தமான் வீடுகளில் பூசணம்: தை பிறந்ததும் செய்ய வேண்டியவை

பையனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்த சான்றிதழை எடுத்தால் தாள் முழுவதும் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். மை கசிந்திருக்கிறது, முத்திரை தெரியவில்லை. ஊரிலிருந்து கொண்டு வந்த கல்யாணப் புடவையிலும் வெள்ளை பூத்திருக்கிறது. அந்தமானில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல.

"எத்தனை முறை துடைத்தாலும் மறுபடி வந்துவிடுகிறது" என்பதுதான் பொதுவான முறையீடு. துடைப்பது போதாது என்பதே அதற்குப் பதில். பூசணம் என்பது அழுக்கு அல்ல. அது உயிருள்ள பொருள். அதன் நுண்விதைகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. ஈரம் கிடைத்த இடத்தில் முளைக்கின்றன. தாள், துணி, தோல், மரம், சுவரில் படிந்த தூசி எல்லாமே அதற்கு உணவு. உணவை வீட்டிலிருந்து அகற்ற முடியாது. ஈரத்தைக் குறைக்க முடியும்.

மழையும் ஓதமும்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்வதைப் போல இரு மடங்கு. மே மாதம் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். டிசம்பர் வரை சுவர் காய வழியில்லை.

குளிர் நாடுகளில் பூசணத்துக்குக் குளிர்காலமே பருவம். கதவை அடைத்துக் கொண்டு சமைப்பதாலும் துணி உலர்த்துவதாலும் எழும் நீராவி, குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிவிடுகிறது. இங்கே நிலைமை வேறு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்ள மாதங்களே உலர்ந்த மாதங்கள். வீட்டைச் சீர்படுத்தக் கிடைக்கும் தவணை அது ஒன்றுதான்.

மூச்சுக்கும் கேடு

பொருள் பாழாவது மட்டுமல்ல. ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா ஆகிய தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் கூறியுள்ளது.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில், வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வசித்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் நெடுநாள் பூசணம் இருந்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். 2017-இலேயே தந்தை முறையிட்டிருந்தார். மேலே பெயிண்ட் அடித்துக் கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டதாம். இதன் விளைவாக, வாடகைக் குடியிருப்புகளில் ஓதத்தையும் பூசணத்தையும் குறித்த காலத்தில் சரிசெய்ய வேண்டும் என்று அந்நாட்டில் சட்டமே வந்தது. சுவரில் தெரியும் கறுப்பை மறைப்பது மருந்தல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சுவருக்கு

முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். தகரக் கூரையின் ஆணித் துளை, ஒழுகும் குழாய், வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைநீர் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அரசு குவார்ட்டர்ஸில் இருப்போர் கூரை ஒழுகலை எழுத்து மூலம் தெரிவித்து, நகல் ஒன்றை வைத்துக் கொள்வது நல்லது.

பிறகு சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். சிமெண்ட் சுவரானால், ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரைப் பூசலாம். அதை ஆசிட்டுடனோ கழிப்பறை கழுவும் திரவத்துடனோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். ஜன்னலைத் திறந்து வைத்து, மூக்கில் துணி கட்டிக் கொண்டே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

நன்கு காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பது சிக்கனமும் சிறப்புமான வழி. சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் முளைக்காது. சுவரின் ஈரமும் வெளியேறும். ஓதச் சுவரில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் அது உப்பி உரிந்துவிடும்.

பெட்டிக்கும் பீரோவுக்கும்

நிக்கோபார் மக்களின் பழைய குடிசைகள் தூண்களின் மேல் எழுப்பப்பட்டவை. அடியில் காற்று ஓடும். அந்த நியாயத்தையே பெட்டிக்கும் கைக்கொள்ளலாம். டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ பலகை மேலோ வைக்க வேண்டும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விட வேண்டும்.

முழுதும் காயாத துணியை மடித்து வைப்பதே பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. அறைக்குள் கொடி கட்டினால் துணியிலுள்ள நீரெல்லாம் அறைக் காற்றில் சேரும். தாழ்வாரத்தில் கட்டுவதே மேல். சோறு வேகும்போது சமையலறை ஜன்னல் திறந்திருக்கட்டும். பாச்சை உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை உறிஞ்சாது.

காகிதங்களுக்கு

2004 சுனாமியில் காகிதங்களைப் பறிகொடுத்தவர்கள் நகல் வாங்கப் பட்ட பாடு தீவில் எல்லோரும் அறிந்ததே. பூசணம் அதே வேலையை மெல்லச் செய்கிறது.

பூத்த தாளை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்தி, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஓதத்தோடு லேமினேஷன் செய்தால் பூசணம் உள்ளேயே வளரும்; பிறகு பிரிக்கவும் முடியாது. உலர்ந்த தாள்களை மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். குழந்தைகள் கையில் அவை படக் கூடாது. முக்கியமான சான்றிதழ்களின் நகலைச் சொந்த ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்று கொடுத்து வைப்பதும் விவேகம்.

பொங்கலுக்கு வீட்டை ஒழித்து வெள்ளையடிப்பது நம் வழக்கம். தீவில் மழை விடும் காலமும் அதுவே. அந்த ஒரு வாரத்தில் பெட்டியைத் திறந்து வெயில் காட்டி, கூரையைப் பார்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால், அடுத்த மே மாத மழையை அச்சமின்றி எதிர்கொள்ளலாம்.