நர்சம்மா கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள்

ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி மாமியாரோடு துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். நர்சம்மா எடை பார்க்கிறார். கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்க்கிறார். விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் அளவு எடுக்கிறார். வயிற்றைத் தடவி, குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். எண்கள் எல்லாம் அட்டையிலும் பிக்மி என்ற கணினிப் பதிவிலும் ஏறுகின்றன. கடைசியாக, "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்கிறார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கா." சொன்னது மாமியார்.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் சாலவாக்கம், மானாம்பதி என்று எந்த ஊர்ப் பக்கம் போனாலும் கர்ப்பிணிப் பரிசோதனை ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும்தான் நடக்கின்றன. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் கிராம சுகாதார செவிலியர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனாலும் அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். அது எல்லார் முன்னாலும் கேட்கப்படுகிறது. பதிலையும் வேறொருவர் சொல்லிவிடுகிறார்.

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. நிறைமாதத்தை நெருங்கிய 359 பெண்களைச் சந்தித்து, பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரங்களில் மறுபடியும் பார்த்தார்கள். 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. வருமானம் குறைவான வீட்டுப் பெண்கள். ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் குழந்தை பெற்றவர்கள். மாமியாரோடு ஒத்துப்போக முடியாதவர்கள். பெற்ற தாய் தகப்பனோடு மனத்தாங்கல் உள்ளவர்கள். ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்கள். தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். தாய்வீடும் எல்லாருக்கும் நிழலாக இருப்பதில்லை.

உடம்புக்குள்ளும் பெரிய மாற்றம் நடக்கிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்களை நஞ்சுக்கொடி ஏராளமாகச் சுரக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் சில நாட்களிலேயே இரண்டும் செங்குத்தாகச் சரிகின்றன. மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவதும், சட்டென்று எரிச்சல் வருவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு உள்ளதுதான். இரண்டு வாரத்தில் அது தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால், குழந்தை அழுதாலும் தூக்கத் தோன்றாமல் போனால், "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற நினைப்பு விடாமல் துரத்தினால், அது நோய். அதற்கு வைத்தியம் உண்டு.

கண்டுபிடிப்பதுதான் கடினம். பிள்ளை பெற்றவளுக்கு அசதி இருக்கும், ராத்தூக்கம் இருக்காது, சாப்பாடு இறங்காது. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீடு சொல்லிவிடும். ரத்தசோகை இருந்தாலும் இதே அசதிதான். 1987-ல் ஜான் காக்ஸ் என்ற மனநல மருத்துவரும் சக ஆய்வாளர்களும் எடின்பரோ அளவுகோல் என்ற வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். எந்தத் தாய்க்கும் சாதாரணமாக இருக்கக்கூடிய உடல் தொந்தரவுகளை அதில் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். மொத்தம் பத்தே கேள்விகள், எல்லாம் கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாளா என்று போகும். பத்தாவது, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும். தமிழிலும் இதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

எப்போது, எந்த வீட்டில் கேட்பது என்பதில்தான் சிக்கல். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புவாள். மனச்சோர்வு தலைகாட்டும் வாரங்கள் இந்தப் போக்குவரத்துக்கு நடுவில்தான் வருகின்றன. முன்பெல்லாம் ஒரு நர்சின் பதிவேட்டிலிருந்து போனவள் இன்னொரு நர்சின் பதிவேட்டில் ஏறாமலே போவதுண்டு. இப்போது 12 இலக்க பிக்மி எண் அவள் கூடவே போகிறது; குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் வேண்டும். கணினி செய்த நல்ல காரியம் இது. பத்துக் கேள்வியின் மதிப்பெண்ணும் அந்த எண்ணோடு சேர்ந்தே பயணம் செய்தால், உத்திரமேரூரில் கேட்டதைச் செய்யாறிலோ மதுராந்தகத்திலோ இருக்கும் நர்சு தொடர்ந்து கவனிக்கலாம்.

மனநல உதவிக்கென்று 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். நிச்சயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய எண். ஆனால் இரண்டு அறை வீட்டில், எல்லார் காதிலும் விழும்படி, ஒரு பச்சை உடம்புக்காரி தன் மனசைப் பற்றிப் போனில் பேசிவிடுவாளா? பல வீடுகளில் போனே ஒரகடம் கம்பெனி வேனில் புருஷனோடு போய்விடுகிறது. நர்சம்மா வந்தால் மட்டும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "குழந்தைக்குப் பால் குடுக்கிறத பாக்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லும் அதிகாரம் அந்தத் தெருவில் அவருக்கு ஒருவருக்குத்தான் உண்டு.

கேட்பதோடு, பேசித் தேற்றவும் நர்சால் முடியுமா என்று டாக்டர்களே சந்தேகப்படுவார்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். முடிவுகள் 2008-ல் வந்தன. நம் நர்சம்மாக்களைவிடக் குறைந்த பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பெண்கள், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளை வீட்டிலேயே சந்தித்துப் பேசினார்கள். கடைசி மாதத்தில் தொடங்கி, குழந்தை பிறந்து பத்து மாதம் வரை மொத்தம் 16 சந்திப்புகள். "பைத்தியத்துக்கு வைத்தியம்" என்ற பேச்சே எழவில்லை. குழந்தை நன்றாக வளர என்று சொல்லித்தான் உட்கார்ந்தார்கள், மாமியாரையும் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது பார்த்ததில், வெறுமனே வந்து போகும் சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது. இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம்தான்.

நம் ஊர் நர்சம்மாவுக்கும் இதே திறமை வரும். நேரம்தான் வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, குடும்பநலம், முகாம், அதற்கு மேல் ஓயாத பதிவேற்றம். இரண்டு வருடம் நர்சிங் படித்துவிட்டு வருகிறவருக்குப் பதிவேற்றத்திலேயே பொழுது போனால், அவர் கற்ற தொழில் வீணாகிறது. பதிவேற்றத்துக்குத் தனி ஆள் போட்டு, மனநலப் பேச்சுக்குப் பயிற்சி கொடுத்து, அதைப் பதவி உயர்வில் கணக்கில் எடுத்துக்கொண்டால், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இந்த வேலை இன்னும் கௌரவமானதாக மாறும்.

கேட்ட பிறகு வழியும் காட்ட வேண்டும். மதிப்பெண் கூடினால், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம், தேவைப்பட்டால் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கு, நாள் குறித்து அனுப்ப வேண்டும். பத்தாவது கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வந்தால் நாள் குறிக்க நேரமில்லை, அன்றைக்கே அனுப்ப வேண்டும். அவளைத் தனியாக விடக் கூடாது. பிரசவமாகிச் சில நாட்களில் ஒருத்தி தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு, இல்லாத குரல் கேட்கிறது என்றால், அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் தீவிர மனநோய். ஜன்னி என்றும் காத்து கருப்பு என்றும் வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தாயும் பிள்ளையும் போய்விடக்கூடும். 108-ஐக் கூப்பிட வேண்டும். மனநல சிகிச்சை நிலையத்தில் சேர்த்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது.

மருந்து எழுதிக் கொடுத்தால் வீட்டில் முதலில் வரும் பயம், பால் கெட்டுவிடும் என்பது. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம் என்று டாக்டர்கள் எழுதித் தருவது வழக்கம். அதனால், "பால் குடுக்கிறேன் டாக்டர்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது, பாலையும் நிறுத்தக் கூடாது.