உஷார்! கம்ப்யூட்டரில் ஸ்டாக் குறைகிறதா? எண்ணைத் திருத்திவிடாதீர்கள்!

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி மொத்தக் கடைகளில் போன் ஓயாது. ஆனி, ஆடியில் அருவிக்கரை ஓட்டல்கள் அரிசி கேட்கும். அந்த வேகம் அடங்குமுன் ஓணத்துக்குப் புளியரை தாண்டிப் புனலூர், கொல்லம் ஆர்டர்கள் வந்துவிடும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்கள் கோட்டைவிடுவது இந்த நெருக்கடியில்தான்.

குடோனில் 100 மூட்டை இருக்கிறது என்று வையுங்கள். ஐந்தருவிப் பக்கத்து ஓட்டலுக்கு 40 மூட்டை சேல்ஸ் ஆர்டர் போட்டு உறுதி செய்கிறீர்கள். மென்பொருள் அந்த 40-ஐ ஒதுக்கிவிட்டு, விற்கக் கிடைப்பது 60 என்று காட்டும். லோடு கிளம்பும் அவசரத்தில் பில் போடுகிற பையன் அந்த ஆர்டரைத் திறக்காமல் புதிதாக ஒரு பில் அடிக்கிறான். சரக்கு போய்விட்டது, கையிருப்பு 60. ஆனால் ஆர்டர் மூடப்படவில்லை. இன்னும் 40 மூட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திரையில் விற்கக் கிடைப்பது 20 என்கிறது. குடோனிலோ 60 மூட்டை கண்ணெதிரே அடுக்கியிருக்கிறது!

ஆபத்தே இனிமேல்தான். ‘கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுது’ என்று ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட்டில் 40-ஐக் கூட்டிவிடுகிறார்கள். உடனே 60 வந்துவிடும். சரியாகிவிட்டது போலவே இருக்கும். பிறகு ஒருநாள் யாராவது அந்தப் பழைய ஆர்டரை மூடுவார்கள். அந்த நிமிஷமே 100 மூட்டை விற்கலாம் என்று காட்டும். அதை நம்பி ஓணத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், லாரி வாசலில் நிற்கும்போது மிச்ச 40 மூட்டைக்கு எங்கே போவீர்கள்? வருஷக் கணக்கிலும் இல்லாத சரக்கு, இல்லாத லாபமாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

இது மென்பொருளின் பழுது அல்ல. டாலியில் பில் போடும்போது ஆர்டர் எண்ணைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஆர்டர் நிலுவையிலேயே கிடக்கும். நம் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவின் இன்வென்டரியிலும் ஆர்டரிலிருந்தே இன்வாய்ஸ் போடுவதுதான் முறை. அதில் பில்லை வைத்து ஒரு ஸ்டாக், சரக்கு வந்துபோவதை வைத்து இன்னொரு ஸ்டாக் என இரண்டு கணக்கு உண்டு. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். உறுதி செய்யாமல் டிராப்ட்டில் கிடக்கும் ஆர்டர் எதையும் ஒதுக்காது. ஒதுக்கியாச்சு என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போதே அந்த மூட்டை வேறொருவருக்குப் போய்விடும்.

எண் இடித்தால் முதலில் அந்தச் சரக்கின் மேல் நிலுவையில் உள்ள ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். எந்த குடோன் பேரில் போட்டது, மூட்டையா கிலோவா என்பதையும் பாருங்கள்.

ஏற்கெனவே கூட்டிவிட்டீர்களா? கூட்டிய 40-ஐக் கழியுங்கள், அதே கையோடு பழைய ஆர்டரையும் மூடுங்கள். கழித்துவிட்டு ஆர்டரை நாளைக்கு என்று விட்டால் திரை மறுபடி 20 காட்டும், கடையில் இருப்பவர் மறுபடி 40-ஐக் கூட்டுவார்.