பூட்டைத் திறந்த நூலகர்

புத்தகங்களைப் பூட்டிக் காப்பவரே நூலகர் என்று நம்மவர் எண்ணிய காலம் ஒன்று உண்டு. அவ்வெண்ணத்தை மாற்றியவர், 1892இல் சீர்காழியில் பிறந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன். ராஜதானிக் கலாசாலையில் கணிதம் போதித்த அவர், 1924இல் சென்னை சர்வகலாசாலையின் முதல் நூலகரானார். ஆரம்பத்தில் அப்பதவி அவருக்குக் கசந்தது. லண்டன் சென்று, நூலகங்கள் சகல ஜனங்களுக்கும் பயன்படுவதைக் கண்ட பின்னரே, இதுவே தம் வாழ்க்கைத் தொண்டு எனத் தெளிந்தார்.

ஒருவர் முயற்சி அவரோடு முடிந்துவிடக் கூடும். ஆதலால் 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்று, அதன் காரியதரிசியாக உழைத்தார். 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மகாநாட்டில் மாதிரி நூலகச் சட்டமொன்றைச் சமர்ப்பித்தார். நூல் அலங்காரப் பொருளன்று என்னும் கொள்கையை 1931இல் ஐந்து விதிகளாக வெளியிட்டார். அவ்வாண்டே மன்னார்குடிக் கிராமங்களுக்கு நூல்கள் மாட்டுவண்டியேறிச் சென்றன.

21 ஆண்டுகள் பணியாற்றி 1945இல் அவர் சர்வகலாசாலையை விட்டு விலகினார். விதைத்தது வீண்போகவில்லை. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது.

அவர் 1972இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பாடம் ஒன்றே: நூலக வரி செலுத்துபவன் யாசகனல்லன், உரிமையாளன். ஊர் நூலகத்தின் கதவு அடைபட்டிருந்தாலும், அலமாரியில் புது நூல் இல்லாதிருந்தாலும், காரணம் கேட்பது நமது கடமை.