விமானப் பயணத்தில் முகக்கவசம்: தரையில் நிற்கும் நேரத்தை மறக்கலாமா?

விமானத்தில் அணியும் முகக்கவசத்தின் பயன் பயணத்தின் எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. விமானம் உயரத்தில் பறக்கும்போது கேபினுக்குள் காற்று வேகமாக மாறிக்கொண்டே இருக்கிறது. பயணிகள் ஏறும்போதும், கதவைச் சாத்திவிட்டு ஓடுபாதைக்காகக் காத்திருக்கும்போதும், தரையிறங்கியபின் நடைபாதையில் முண்டியடித்து நிற்கும்போதும் அந்தக் காற்றோட்டம் குறையலாம். சில நேரம் அடியோடு நின்றும் போகலாம். சளி, ஃப்ளூ, கொரோனா, தட்டம்மை, காசநோய் என மூச்சுவழி பரவும் எந்த நோய்க்கும் இது பொருந்தும். ஆனால் முகக்கவசம் அணியும் பழக்கம் உள்ளவர்களிலும் பலர், விமானம் மேலெழும்பிய பிறகு அதை எடுத்து மாட்டுகிறார்கள். சக்கரம் தரையைத் தொட்டதுமே கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார்கள். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் மூக்கும் வாயும் திறந்துகிடக்கின்றன.

வானத்தில் காற்று சுழலும் விதம்

பறக்கும் ஜெட் விமானத்தின் கேபினுக்குள் வரும் காற்றில் ஏறக்குறைய பாதி வெளிக்காற்று. பெரும்பாலான ரகங்களில் அது எஞ்சினின் கம்ப்ரசர் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டு, குளிரூட்டி உள்ளே அனுப்பப்படுகிறது. மீதிப் பாதி, கேபினில் ஏற்கெனவே சுழன்ற காற்று. பெரிய ஜெட் விமானங்களில் அது ஹெப்பா வடிகட்டி வழியாகச் சுத்தமாகித் திரும்ப வருகிறது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை இந்த வடிகட்டி பிடித்துவிடும். கேபின் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட படுக்கையறையில் மணிக்கு ஒரு முறை மாறினாலே பெரிது.

காற்று ஓடும் திசையும் பயணிக்குச் சாதகமானதுதான். அது தலைக்கு மேலிருந்து இறங்கி, ஏறக்குறைய அதே வரிசையின் கால்மாட்டில் பக்கச் சுவரையொட்டி உள்ள திறப்புகள் வழியே வெளியேறும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் ஓடுவது குறைவு.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஓர் ஓட்டை உண்டு. வடிகட்டி இருக்கைகளிலிருந்து தள்ளி இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் இருமும்போது கிளம்பும் நுண்துளிகள் வடிகட்டியைச் சேருவதற்கு முன் அருகில் இருப்பவர்களின் முகத்தைக் கடந்துதான் போக வேண்டும். இந்த இடைவெளியை அடைக்க முகக்கவசத்தைத் தவிர வேறு தடுப்பு இல்லை.

கேபின் காற்றின் வறட்சியும் சேர்ந்துகொள்கிறது. நீண்ட பயணத்தில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் வரைதான் இருக்கும். மூக்கின் உட்புறச் சவ்வு காய்ந்தால், கிருமிகளைப் பிடித்து வெளியே தள்ளும் அதன் இயல்பான வேலை மந்தமாகும். முகக்கவசத்துக்குள் தங்கும் மூச்சின் ஈரம் இந்த வறட்சியை ஓரளவு தணிக்கிறது. பல மணி நேரம் அணிந்து பழகியவர்கள் இறங்கும்போது தொண்டை வறளாமல் இருப்பதாகச் சொல்வது இதனால்தான்.

பறக்கும்போது நடந்த பரவல்கள்

2003 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் சென்ற ஒரு விமானத்தில் சார்ஸ் நோயுடன் ஒருவர் பயணம் செய்தார். மூன்று மணி நேரப் பயணம், விமானத்தில் 120 பேர். பின்னர் அவர்களில் 22 பேருக்கு நோய் வந்தது. நோயாளிக்கு முன்னே மூன்று வரிசைகளில் இருந்தவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் பல வரிசைகள் தள்ளி இருந்தவர்களும் தப்பவில்லை.

2020 மார்ச் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஹனோய் சென்ற விமானத்தில் தொண்டைவலியும் இருமலும் உள்ள ஒரு பயணி பிசினஸ் வகுப்பில் அமர்ந்திருந்தார். பத்து மணி நேரத்துக்கும் மேலான பயணம். முகக்கவசம் அப்போது கட்டாயமில்லை. பயணிகளும் ஊழியர்களுமாக இருந்த 217 பேரில், அவரைத் தவிர 15 பேருக்குத் தொற்று உறுதியானது. அதில் 12 பேர் அதே பிசினஸ் வகுப்பில் இருந்தவர்கள். விசாலமான இருக்கையும் கூடுதல் கட்டணமும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

அதே ஆண்டு ஜனவரியில் குவாங்ஜோவிலிருந்து டொராண்டோ சென்ற விமானத்திலும் இருமலுடன் கொரோனா நோயாளி ஒருவர் இருந்தார். சுமார் 350 பேர் இருந்த அந்த நீண்ட பயணத்தில் அவர் முகக்கவசம் அணிந்திருந்தார். அருகில் அமர்ந்தவர்களையும் பணிப்பெண்களையும் கண்காணித்தபோது யாருக்கும் தொற்று தென்படவில்லை. நோயாளியின் நோய்த் தீவிரம் குறைவாக இருந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் இருமுபவரின் வாயை மூடுவது எவ்வளவு பயன் தரும் என்பதை இந்த இரு பயணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உணரலாம்.

தரையில் நின்ற இரண்டு விமானங்கள்

கவலைப்பட வேண்டிய கட்டம் தரையில் இருக்கிறது. இதற்கான பழைய சான்று 1977இல் அலாஸ்காவில் பதிவானது. 54 பேருடன் புறப்படவிருந்த ஜெட் விமானத்தில் எஞ்சின் கோளாறு ஏற்பட்டு, மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. பெரும்பாலான பயணிகள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். காற்றோட்ட அமைப்பு அந்த நேரத்தில் இயங்கவில்லை. உள்ளே ஒரு பயணிக்கு ஃப்ளூ இருந்தது. அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் காய்ச்சல், இருமல், உடல்வலியுடன் படுத்தார்கள். விமானத்துக்குள் அதிக நேரம் இருந்தவர்களுக்கு நோய் அதிகம் வந்தது. விமானம் பறக்காமலேயே ஒரே ஒரு நோயாளியிடமிருந்து இத்தனை பேருக்குப் பரவியது.

இரண்டாவது சான்று 2020 செப்டம்பர் இறுதியில் துபாயிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து சென்ற விமானம். நியூசிலாந்து தனிமைப்படுத்தல் முகாமில் அந்தப் பயணிகளில் 7 பேருக்குத் தொற்று தெரியவந்தது. வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, குறைந்தது 4 பேர் அந்தப் பயணத்திலேயே தொற்றைப் பெற்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்ப நின்றபோது, பயணிகள் உள்ளே இருக்க, எஞ்சின் ஓடாதபோது கேபினுக்குக் காற்று தரும் துணை மின்பொறி சுமார் 30 நிமிடம் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த அரை மணி நேரம் கேபினில் காற்றோட்டம் இல்லை. பரவலுக்கு அது துணைபோயிருக்கலாம் என்று அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. பயணிகளில் பலர் பயணத்துக்கு முன் பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்ற சான்றுடன் ஏறியவர்கள்.

எஞ்சின் ஓடாதபோது கேபினுக்குக் காற்று தருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விமானத்தின் வால்பகுதியில் உள்ள துணை மின்பொறி. மற்றொன்று, விமான நிலையம் தடித்த குழாய் வழியே இணைக்கும் குளிர்காற்று. முதலாவது எரிபொருளைத் தின்னும், சத்தமும் புகையும் உண்டாக்கும் என்பதால் அதன் பயன்பாட்டைக் குறைக்கவே எல்லோரும் முயல்கிறார்கள். இரண்டாவது எல்லா நிறுத்துமிடங்களிலும் கிடைப்பதில்லை. இரண்டும் இல்லாத நிமிடங்களை வெயில்காலத்தில் சென்னையிலிருந்து பறப்பவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் திருகினாலும் காற்று வராது. கழுத்தில் வியர்வை வழியும். பாதுகாப்புக் குறிப்பு அட்டையையே விசிறியாக்கி வீசிக்கொண்டிருப்பார்கள். உடம்பு புழுக்கமாக உணரும் அந்த நேரத்தில்தான் அருகிலிருப்பவர் வெளிவிட்ட மூச்சு அங்கேயே தங்கி நிற்கிறது. முகக்கவசத்தைக் கழற்றத் தோன்றுவதும் அப்போதுதான்.

விமானத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நெரிசலும் இந்தக் கணக்கில் சேரும். முனையத்திலிருந்து விமானத்துக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏரோபிரிட்ஜின் மூடிய நடைவழியில் வரிசை நகராமல் நிற்கிறது. குடியேற்றச் சோதனை வரிசை ஒரு மணி நேரம்கூட நீளும். இவை எதிலும் ஹெப்பா வடிகட்டி கிடையாது.

முகக்கவசம் எது, எப்படி?

துணி முகக்கவசம் நுண்துளிகளைத் தடுப்பதில் பலவீனமானது. மூன்றடுக்கு அறுவை முகக்கவசம் இருமுபவரின் துளிகளை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதன் பக்கவாட்டு இடைவெளிகள் வழியே காற்று உள்ளே நுழையும். தன்னைக் காத்துக்கொள்ள நினைப்பவருக்கு ஏற்றது என்95 அல்லது எஃப்எஃப்பி2. சோதனையில் என்95 குறைந்தது 95 சதவீதத் துகள்களையும், எஃப்எஃப்பி2 குறைந்தது 94 சதவீதத்தையும் வடிகட்ட வேண்டும். இவற்றின் நடு அடுக்கில் உள்ள பாலிப்ரொப்பிலீன் இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். துகள்களை ஈர்த்துப் பிடிப்பது அந்த மின்னூட்டம். சோப்பு போட்டுத் துவைத்தாலும் சானிடைசர் தெளித்தாலும் அது போய்விடும்.

பொருத்தம் சரியில்லாவிட்டால் எந்த ரகமும் உதவாது. மூக்குத்தண்டின் மேல் உள்ள உலோகப் பட்டையை இரு கைவிரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்தி வளைக்க வேண்டும். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் மடிப்பு விழுந்து இடைவெளி உண்டாகும். மூச்சை வேகமாக வெளியே விடும்போது கண்ணருகே காற்று பட்டாலோ, கண்ணாடியில் ஆவி படிந்தாலோ பட்டை சரியாக உட்காரவில்லை என்று பொருள். காதில் மாட்டும் வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரு பட்டைகளாகக் கட்டும் வகை நன்றாகப் பொருந்தும். அடர்ந்த தாடி இருந்தால் ஓரங்களில் கசியும். முன்புறம் வால்வு உள்ள முகக்கவசம் அணிபவரைக் காக்கும். அவர் வெளிவிடும் காற்றை வடிகட்டாது என்பதால் நோயுள்ளவருக்கு அது உகந்ததல்ல.

எந்த நேரத்தில் அணிவது?

போர்டிங் அறிவிப்பு வந்து வரிசையில் நிற்கத் தொடங்கும்போதே முகக்கவசம் முகத்தில் இருக்க வேண்டும். பேருந்து, ஏரோபிரிட்ஜ், இருக்கை தேடும் நேரம், ஓடுபாதைக் காத்திருப்பு ஆகிய எல்லாம் முடிந்து, விமானம் மேலெழும்பும் வரை அதைத் தளர்த்தவே கூடாது. உயரத்தை அடைந்தபின் தண்ணீர் குடிக்கவும் சாப்பிடவும் கழற்றுவதில் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. உணவு பரிமாறும்போது வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் கழற்றுவதால், பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடித்து மீண்டும் அணியும் வரை பொறுத்திருந்து சாப்பிடலாம். தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்தே வைக்கலாம். அதில் வருவது வெளிக்காற்றும் வடிகட்டிய காற்றும்தான்.

இறங்கும்போது அவசரம் காட்டாமல் உட்கார்ந்திருப்பதும் பாதுகாப்பே. எழுந்து நின்று பெட்டியை இறக்கும் கூட்டத்தில்தான் முகங்கள் மிக நெருக்கமாக வருகின்றன. பெட்டிகள் வரும் பெல்ட்டைத் தாண்டி வெளியே வரும்வரை முகக்கவசம் இருக்கட்டும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் ஜன்னலோரம் நல்லது. அமெரிக்காவில் 10 விமானங்களில் பயணிகளின் நடமாட்டத்தைக் கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், ஜன்னலோரம் இருந்தவர் சராசரியாக 12 நெருக்கமான சந்திப்புகளையும், நடைபாதையோரம் இருந்தவர் 64 சந்திப்புகளையும் எதிர்கொண்டார்.

அவசரநிலையில் ஆக்ஸிஜன் முகமூடி தொங்கினால், முதலில் முகக்கவசத்தை இழுத்துப் போட்டுவிட்டு அதை அணிய வேண்டும்.

யாருக்கு அவசியம்?

பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் பார்க்க வளைகுடா வழியாக அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ பறக்கும் தமிழகப் பெற்றோர் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள். அவர்களுக்குச் சாதாரண ஃப்ளூகூட நிமோனியாவாக முடியலாம். கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் ஆகியோரும் முகக்கவசத்தைத் தவிர்க்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கூடாது. அவர்களைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் அணிவதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

முகக்கவசத்தை எல்லோரிடமும் வலியுறுத்துவதால் நோய்ப்பரவலில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று 2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வை எதிர்த்தரப்பினர் காட்டுகிறார்கள். அதில் சேர்க்கப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் மக்களிடம் முகக்கவசத்தைப் பரிந்துரைத்ததன் விளைவை அளந்தவை. பரிந்துரைத்தும் பலர் ஒழுங்காக அணியவில்லை. நன்கு பொருந்திய என்95 அணிந்து சில மணி நேரம் மூடிய இடத்தில் இருப்பவருக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.

இந்தியாவில் விமானத்தில் முகக்கவசம் கட்டாயம் என்ற விதி 2022 நவம்பரில் விலக்கப்பட்டு, அணிவது நல்லது என்ற அறிவுரை மட்டும் எஞ்சியது. கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய தேவை இப்போது இல்லை. இருமலும் காய்ச்சலும் உள்ளவர் பயணத்தைத் தள்ளிப்போடுவதும், முடியாவிட்டால் முகக்கவசத்துடன் வருவதும் சக பயணிகளுக்குச் செய்ய வேண்டிய கடமை.

தரையில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் பயணியின் கையில் இருக்கும் தடுப்பு போதாது. அரை மணி நேரத்துக்கு மேல் விமானம் தரையில் தாமதமானால் உள்ளிருப்பவர்களுக்குப் போதிய காற்றோட்டம் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று காசநோய் குறித்த அனைத்துலக வழிகாட்டுதல் வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. அதை ஃப்ளூவுக்கும் கொரோனாவுக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டும். காற்றோட்டம் ஓடத் தொடங்கிய பிறகே பயணிகளை ஏற்றுவது, கடைசிப் பயணி இறங்கும்வரை அதை நிறுத்தாமல் இருப்பது, நீண்ட தாமதத்தில் காற்று தர இயலாவிட்டால் பயணிகளை முனையத்துக்குத் திருப்பி அனுப்புவது என்ற மூன்றும் நடைமுறைக்கு வர வேண்டும். அதுவரை, கேபினில் காற்று நின்றுவிட்டதாகத் தெரிந்தால் பணியாளரிடம் கேட்பது பயணியின் உரிமை. முகக்கவசத்தைக் கழற்றாமல் இருப்பது அவருடைய பாதுகாப்பு.